கண்டி மலையின் கற்களை வாசித்தவர்

கலாநிதி ஆனந்த குமாரசுவாமி என்றதும் எல்லோருக்கும் கலைதான் நினைவுக்கு வரும். நடராஜ வடிவத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கியவர், அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பிரிவை வளர்த்தெடுத்தவர், கொழும்பிலே ஒரு வீதி அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்ற அளவோடு அறிமுகம் முடிந்துவிடும். நான் இரசாயனவியல் கற்பிப்பவள். அதனால் அவரை வேறொரு வாசலால் சந்தித்தேன். கலையைப் பற்றி எழுதப் புகுமுன்னர் அவர் கல்லைப் பற்றி எழுதினார். இலங்கையின் கனிப்பொருள் அளவீட்டுக்கு முதற் பணிப்பாளராக இருந்தவர் அவர். நமது கண்டி மாவட்டத்திலே உலகம் அதுவரை அறியாதிருந்த ஒரு கனிப்பொருளைக் கண்டெடுத்தவரும் அவரே.

உயர்தர வகுப்பு மாணவிகளுக்குச் சில ஆண்டுகளாக நான் ஒரு செயற்றிட்டம் செய்து காட்டி வருகிறேன். மண்ணிலும் சேற்றிலும் நீரிலும் கலந்திருக்கும் ஈயம், நாகம், செம்பு, கட்மியம் போன்ற உலோகங்களை எப்படி அளப்பது என்பதே அது. அந்தப் பாடம் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போதெல்லாம் குமாரசுவாமியின் வாழ்க்கையைத்தான் மாணவிகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். இம்முறை அதை எழுதியே வைக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி. இங்கிலாந்தில் பாரிஸ்டராகித் திரும்பி, இலங்கைச் சட்ட நிரூபண சபையில் அங்கம் வகித்த தமிழர். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாயார் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பு முன்னரே தாய் அவரை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். பின்னால் வந்து சேரவிருந்த தந்தை 1879இல் கொழும்பிலேயே காலமானார். தந்தையின் முகம் நினைவில் இல்லாமல், தந்தையின் நாட்டை விட்டுத் தொலைவில் வளர்ந்த பிள்ளை அவர்.

இங்கிலாந்தின் குளொஸ்டர்சயர் பகுதியிலுள்ள வைக்ளிப் கல்லூரியில் அவர் படித்தார். கல்லூரிக்குப் பக்கத்தில் டோவரோ என்றொரு குன்று இருந்தது. மாணவன் ஆனந்தன் அந்தக் குன்றில் ஏறி இறங்கி, அதன் பாறைப் படைகளைக் கவனித்து, ஒரு கட்டுரை எழுதினான். அது அக்கல்லூரியின் சஞ்சிகையிலே வெளிவந்தது. இந்த இடத்தில் வாசிப்பதைச் சற்று நிறுத்தி, உங்கள் கையிலிருக்கும் சஞ்சிகையைப் பாருங்கள். உலகப் புகழ் பெற்ற ஓர் அறிஞரின் எழுத்து இதைப் போன்றதொரு கல்லூரி ஏட்டிலேதான், பள்ளிக்கு அருகே கிடந்த ஒரு குன்றைப் பற்றித்தான் தொடங்கியது. தூரத்து அதிசயம் எதையும் அவர் தேடிப் போகவில்லை.

பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் சேர்ந்து, 1900ஆம் ஆண்டில் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. 1902இல் எதெல் பாட்றிட்ஜ் என்ற பெண்மணியை மணந்துகொண்டு தந்தையின் நாட்டுக்கு வந்தார். அந்த ஆண்டுகளில் அரசாங்கம் தொடங்கிய கனிப்பொருள் அளவீட்டுக்கு அவரே பணிப்பாளரானார். அப்போது அவருக்கு வயது 25ஐச் சுற்றித்தான் இருக்கும்.

அளவீடு என்றால் அலுவலகத்தில் அமர்ந்து செய்யும் வேலையன்று. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் செல்ல வேண்டும். பாறை வெளியே தெரியும் இடமெல்லாம் சுத்தியலால் ஒரு துண்டு உடைத்தெடுக்க வேண்டும். ஆற்று மணலை அலசி, அடியில் தங்கும் பாரமான மணிகளைப் பிரிக்க வேண்டும். எடுத்த இடத்தையும் திகதியையும் குறித்துப் பொதியிட வேண்டும். பிறகு நிறம், கடினம், தன்னீர்ப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தன்னீர்ப்பை அளப்பது பழைய கலை. ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அல் பிரூனி, ஒரு கல் இடம்பெயர்க்கும் நீரை நிறுத்துப் பார்த்து, மாணிக்கத்தையும் உலோகங்களையும் இன்னதென்று பிரித்தறிந்தார். குமாரசுவாமியின் கையிலிருந்த முறைகளும் அதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. தராசு, நுணுக்குக்காட்டி, சில அமிலங்கள், நிறையப் பொறுமை ஆகியவையே அவரிடம் இருந்தன.

கண்டி மாவட்டத்தில் அம்பகோட்டைக்கு அருகே கங்கபிட்டிய என்றோர் இடம் இருக்கிறது. அங்கே சுண்ணக்கற்பாறையும் கருங்கற்பாறையும் சந்திக்கும் இடத்தில் நீலநிறமான ஒரு கனிப்பொருள் அவருக்குக் கிடைத்தது. தெரிந்த கனிப்பொருள்களின் பட்டியல் எதிலும் அது பொருந்தவில்லை. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரையர் என்ற அறிஞரோடு சேர்ந்து அதை ஆராய்ந்தார். கல்சியம், மகனீசியம், அலுமினியம், போரன், சிலிக்கன் என்பன சேர்ந்த புதிய கனிப்பொருள் அது என்று 1903இல் இருவரும் வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் செரண்டிபைற். அரபு வணிகர்கள் இந்தத் தீவை அழைத்த செரண்டிப் என்ற பெயரே அந்தக் கல்லுக்குள் இருக்கிறது. நமது மூதாதையர் வாயில் வழங்கிய சொல்லை, நமது மாவட்டத்துக் கல்லுக்கு, ஒரு தமிழ்த் தந்தையின் மகன் சூட்டினார் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் பெரியது. சப்பிரகமுவ மாகாணத்தில் பலாங்கொடைப் பகுதியில் மாணிக்கக்கல் அகழ்பவர்கள் மணலை அரிக்கும்போது, சிறிய கறுப்புக் கனசதுரங்கள் சில கூடையின் அடியில் தங்கும். நீரைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு பாரமானவை. யுரேனியத்தின் தாதுவாகிய யுரேனினைற் என்று குமாரசுவாமி அவற்றைக் கருதினார். கருதியதோடு விட்டுவிடவில்லை. மாதிரி இலண்டனுக்குப் போனது. அங்கே டன்ஸ்டன் என்ற இரசாயன அறிஞர் பகுத்துப் பார்த்தபோது, அந்தக் கல்லில் பெரும்பகுதி யுரேனியம் அன்று, தோரியம் என்று தெரிந்தது. 1904இல் அது தோரியனைற் என்ற பெயரோடு புதிய கனிப்பொருளாக உலகுக்கு அறிமுகமானது. அக்காலத்து வாயு விளக்குகளின் வலைகளுக்குத் தோரியம் தேவைப்பட்டதால் அதற்கு நல்ல விலையும் இருந்தது. மறு ஆண்டிலே, குமாரசுவாமி படித்த அதே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், ஒட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானிய விஞ்ஞானி இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு வேலை செய்து ரேடியோதோரியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டறிந்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவுக்காக நோபல் பரிசு பெற்ற ஹானின் முதற் பெரிய கண்டுபிடிப்பு அது.

தோரியனைற்றின் கதையில் எங்கள் பாடத்துக்கு வேண்டிய இரண்டு செய்திகள் இருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது, பகுப்பாய்வில் வேறொன்றாக வந்தது என்பது முதலாவது. அந்தக் கல்லுக்குள்ளே சிறிதளவு ஈயமும் இருந்தது என்பது இரண்டாவது. யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான வருடங்களில் சிதைந்து சிதைந்து இறுதியில் ஈயமாகவே முடிகின்றன. அந்த ஈயத்தை எந்தத் தொழிற்சாலையும் கொட்டவில்லை. எந்த வாகனமும் கக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் கண்டி நகருக்கு வாருங்கள்.

கண்டி வாவியை 1807ஆம் ஆண்டு தொடக்கம் கட்டுவித்தவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். வாவியின் மேலதிக நீர் மெத எல என்ற ஓடையாக நகரின் நடுவே ஓடி, கெட்டம்பையில் மகாவலியோடு கலக்கிறது. மகாவலியின் நீர் அப்பால் பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, 1976 முதல் வடக்கே உலர் வலயத்து வயல்களுக்கும் திருப்பப்படுகிறது. நாம் ஓடையில் விடுவது நம்மோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். வாவியின் மாசு பற்றி 1982இலும், மெத எலவின் பார உலோகங்கள் பற்றி 1987இலும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் ஆய்வாளர்கள் சர்வதேச இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே எங்கள் மாணவிகள் புதிதாக ஒரு குற்றச்சாட்டைக் கொண்டுவரவில்லை. முன்னர் அறிஞர்கள் நடந்த பாதையிலேதான் சிறிய காலடிகளை வைக்கிறார்கள்.

முதலில் மாணவிகள் ஆய்வுகூடத்திலே பொற்றாசியம் அயடைட்டைக் கொண்டு ஈயத்தைச் சோதிக்கிறார்கள். பாடநூற் கரைசலில் அழகான மஞ்சள் வீழ்படிவு வருகிறது. ஓடை நீரில் ஒன்றும் வருவதில்லை. ஈயம் இல்லை என்று எழுதப் பேனாவை எடுக்கும்போதே நான் தடுத்துவிடுவேன். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். கட்மியத்துக்கு 0.003 மில்லிகிராம். இந்த அளவைக் கண்ணால் பார்க்கும் சோதனை எதுவும் பாடசாலை மேசையில் இல்லை. அதற்கு அணு உறிஞ்சல் நிறமாலைமானி வேண்டும். 1950களில் அவுஸ்திரேலியாவில் அலன் வோல்ஷ் உருவாக்கிய முறை அது. கரைசலைச் சுவாலையில் தூவி, ஈயத்துக்கே உரிய அலைநீளமுள்ள ஒளியை அதனூடாகச் செலுத்தினால், ஈய அணுக்கள் அந்த ஒளியை உறிஞ்சும். எவ்வளவு ஒளி குறைந்ததோ அதிலிருந்து எவ்வளவு ஈயம் என்று கணிக்கலாம். மிகச் சிறிய அளவுகளுக்குச் சுவாலைக்குப் பதிலாகக் காரீயக் குழாயை மின்னால் சூடாக்குவார்கள். அந்தக் கருவி பல்கலைக்கழகத்திலே இருக்கும். அதுவரை மாதிரியைக் கெடாமல் கொண்டு சேர்ப்பதுதான் எங்கள் வேலை. உண்மையில் பாடத்தின் பெரும்பகுதி அதுவே.

சேற்றை உலோகக் கரண்டியால் அள்ளக் கூடாது. பிளாஸ்திக் கரண்டியும் புதிய பொலித்தீன் பையும் வேண்டும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைக்க வேண்டும். ஹிஜாப் ஊசி மாதிரிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுர்மா இட்டுக்கொண்டு வந்த கையால் எதையும் தொட வேண்டாம் என்று சொல்வேன். சில வகைச் சுர்மாக்களில் ஈய சல்பைட்டு இருப்பது பலருக்கும் அன்றுதான் தெரியவரும். சேற்றை உலர்த்தி, நைலோன் அரிதட்டால் அரித்து, ஒரு மில்லிமீற்றரில் பதினாறில் ஒரு பங்கிலும் சிறிய மணிகளை மட்டும் எடுக்கிறோம். உலோகங்கள் நுண்ணிய களித்துணிக்கைகளிலேதான் அதிகமாகப் பற்றிக்கொள்ளும். ஓரிடத்தில் மணலையும் மற்றோரிடத்தில் களியையும் எடுத்து ஒப்பிட்டால் அது நியாயமான ஒப்பீடாகாது. பிறகு நைத்திரிக் அமிலத்தில் சூடாக்கி, வடித்து, குறித்த கனவளவுக்கு ஆக்குகிறோம். கூடவே சேறு எதுவும் போடாத ஒரு முகவையையும் அதே அமிலத்தோடு அதே படிகள் எல்லாவற்றினூடாகவும் கொண்டு செல்கிறோம். அதுதான் வெற்று மாதிரி. அதிலே ஈயம் தெரிந்தால் அது ஓடையின் ஈயமன்று, எங்கள் கையின் ஈயம். கணக்கிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்து ஓர் எண் வருகிறது. ஒரு கிலோகிராம் சேற்றில் இத்தனை மில்லிகிராம் ஈயம். அப்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. இது அதிகமா? எதைவிட அதிகம்? இந்த மண்ணிலே முன்பே எவ்வளவு இருந்தது?

விடை தெரியாமல் மாசு என்ற சொல்லைச் சொல்ல முடியாது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் உஸ்ஸங்கொட என்ற கடலோரச் சமவெளி இருக்கிறது. அங்கே மண் செந்நிறம், மரங்கள் வளர்வதில்லை. அந்த மண்ணில் நிக்கலும் குரோமியமும் மிக அதிகம். யாரும் கொண்டுவந்து கொட்டியதன்று. அடியிலுள்ள சேர்பன்ரைன் பாறை உடைந்து மண்ணாகியபோது வந்தது. பேருவளைக் கடற்கரை மணலில் மொனசைற் என்ற கனிப்பொருளோடு தோரியம் இருக்கிறது. அதுவும் மலைப்பாறைகளிலிருந்து ஆறுகள் சுமந்து சென்றது. இந்த இரண்டு மண்ணையும் விவரமறியாத ஒருவர் கருவியில் இட்டால், பக்கத்திலே ஏதோ தொழிற்சாலை நஞ்சு கொட்டியது என்றே முடிவு கட்டுவார். மறுபுறமாகவும் தவறலாம். ஈயம் இயற்கையிலே உள்ளதுதானே என்று சொல்லி, பழைய பற்றறிகளை உடைத்து அமிலத்தை ஓடையில் ஊற்றுபவர் தப்பித்துக்கொள்ளலாம்.

அதனால் அறிஞர்கள் பின்புல அளவு என்ற ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். சராசரிக் களிப்பாறையில் ஒரு கிலோகிராமுக்கு ஈயம் 20, செம்பு 45, நாகம் 95 மில்லிகிராம் என்பது உலகெங்கும் எடுத்துக்கொள்ளும் ஓர் ஒப்பீடு. முல்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1969இல் தந்த சூத்திரத்திலே, பின்புல அளவை ஒன்றரையால் பெருக்கிய பின்னரே ஒப்பிடச் சொல்கிறார். பாறைக்குப் பாறை இயற்கையாகவே ஏற்ற இறக்கம் உண்டல்லவா, அதற்கு விட்டுக்கொடுக்கும் இடம் அது. இந்தக் கணக்கின்படி ஈயம் 25 என்று வந்தால் வாயைத் திறக்க முடியாது. 200 என்று வந்தால் பேசாமலிருக்க முடியாது. ஆனாலும் உலகச் சராசரியைவிட உள்ளூர் அளவே நல்லது. எனவே மெத எலவுக்கு எடுப்பதோடு, அனுமதி பெற்று, வாகனம் செல்லாத உடவத்தகெலே காட்டு மண்ணிலும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும் என்று கற்பிக்கிறேன்.

ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஓடையோரத்தில் வாகனம் திருத்தும் பட்டறைகளுக்குப் பின்னால் எடுத்த சேற்றில் நாகம் கூடுதலாக வந்தது. வகுப்பு உடனே தீர்ப்பு வழங்கிவிட்டது. அந்தப் பட்டறைகளில் ஒன்றில் வேலை செய்பவரின் மகள் அந்த வகுப்பிலேயே இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மறுவாரம் பட்டறைகளுக்கு மேற்புறமாக, நீர் வந்து சேரும் பக்கத்தில் மாதிரி எடுக்கும்படி சொன்னேன். அங்கேயும் நாகம் ஏறக்குறைய அதே அளவு. மேலே நிமிர்ந்து பார்த்தால் வரிசையாகத் தகரக் கூரைகள். நாகம் பூசிய தகட்டைக் கழுவி வரும் மழைநீர் பீலிகளினூடாக நேரே ஓடையில் விழுகிறது. வாகன ரயர்களின் தேய்மானத்திலும் நாகம் உண்டு. அது வீதி முழுவதிலிருந்தும் வருகிறது. அந்த மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்டறைகள் எல்லாம் குற்றமற்றவை என்று நாங்கள் எழுதவில்லை. நாகத்துக்கு அவை மட்டும் காரணமென்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை என்று எழுதினோம். அளவீடு என்பது ஒருவரைக் குற்றவாளியாக்கவும் கூடும், விடுவிக்கவும் கூடும். ஆகவே அது கவனமாகச் செய்ய வேண்டிய காரியம்.

இங்கேதான் குமாரசுவாமியின் வேலையின் மதிப்பு எனக்கு விளங்கியது. அவர் மாசைத் தேடி அலைந்தவரல்லர். ஒரு கிலோகிராமுக்குச் சில மில்லிகிராம் உலோகத்தை அளக்கும் கருவிகளும் அன்று இருக்கவில்லை. ஆனால் இந்த மலைகளில் எந்தப் பாறை எங்கே இருக்கிறது, எந்த ஆற்று மணலில் எந்தக் கனிப்பொருள் வருகிறது என்று ஒழுங்காகப் பதிவு செய்யும் வேலையை இந்த நாட்டில் அவர் தொடக்கி வைத்தார். மோட்டார் வாகனங்கள் பெருகு முன்னர், ஈயம் கலந்த பெற்றோல் உலகில் தோன்று முன்னர் செய்யப்பட்ட வேலை அது. அந்தப் பெற்றோல் பின்னர் வந்து பல தசாப்தங்கள் நமது வீதிகளில் எரிந்து, 2002இலேதான் இலங்கையை விட்டுப் போனது. மண்ணில் முன்பே என்ன இருந்தது என்று கேட்கும் எவரும், அவர் தொடங்கிய அந்தப் பதிவின் வழியாகவே போக வேண்டியிருக்கிறது.

கற்களைத் தேடி ஊரூராகச் சென்றபோது அவர் மனிதர்களையும் கண்டார். கண்டி இராச்சியத்துக் கைவினைஞர்களின் பரம்பரையினர் அப்போதும் கிராமங்களில் இருந்தார்கள். இரும்பை உருக்குவோர், மெழுகு அச்சு வைத்துப் பித்தளை வார்ப்போர், வெள்ளியில் கொடிவேலை செய்வோர், பாய் பின்னுவோர், துணி நெய்வோர். மன்னர் இல்லை, ஆதரிக்கும் பிரதானிகளுக்கோ இறக்குமதிப் பொருள்களில் மோகம். மலிவான கப்பற் சரக்கு கடைக்கு வர, ஊர்ப் பட்டறையின் உலை அணைந்தது. உலோகத்தைத் தேடிப் போனவர் உலோகத்தை வேலை செய்பவரின் கையைப் பார்த்துவிட்டார். அது மறைந்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டார்.

1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய கட்டடங்களையும் கைத்தொழில்களையும் பாதுகாக்கும் பொறுப்பை அவர்களுக்கு நினைவூட்டினார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்துத் தலைமை தாங்கினார். மேலைநாட்டு வழக்கங்களை யோசனையின்றிப் பின்பற்றுவதை அச்சங்கம் எதிர்த்தது. 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருடைய புவிச்சரிதவியல் ஆய்வுகளுக்காகக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அந்தப் பட்டத்தோடு அவருடைய கல் ஆராய்ச்சி ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. அவர் முறையை விட்டுவிடவில்லை, பொருளை மாற்றிக்கொண்டார். பாறையை எடுத்த இடம், அதன் பெயர், அதன் சேர்க்கை என்று குறித்துப் பழகிய அதே கை, இப்போது ஒரு விளக்கைச் செய்த ஊர், அதன் வடிவத்தின் பெயர், அதைச் செய்யும் முறை என்று குறிக்கத் தொடங்கியது.

இந்த வேலையில் அவருடைய மனைவி எதெலின் பங்கைச் சொல்லாமல் விட்டால் ஒரு பெண்கள் கல்லூரிச் சஞ்சிகைக்கு அது அழகாகாது. கைவினைஞர்களையும் அவர்களுடைய வேலைகளையும் புகைப்படமெடுத்தவர் அவர். இங்கே கண்ட நெசவும் சாயமும் அவர் வாழ்க்கையையே திசைதிருப்பின. பிற்காலத்தில் எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெசவாளரானார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் ஒரு நூல் எழுதினார். சாயம் துணியில் பற்றுவதற்கு அலுமினியம், இரும்பு, வெள்ளீயம், குரோமியம் ஆகியவற்றின் உப்புகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் அந்தக் கலையின் பகுதி. உலோகங்களின் இரசாயனம் அவரையும் தொட்டே சென்றிருக்கிறது.

1907இல் இருவரும் இங்கிலாந்து திரும்பினார்கள். சேகரித்தவற்றையெல்லாம் தொகுத்து, மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெரிய நூலை 1908இல் குமாரசுவாமி வெளியிட்டார். வில்லியம் மொரிஸ் என்ற கலைஞர் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலே, தமது மேற்பார்வையில், 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். உலோக வேலைக்கு அதில் தனி இடமுண்டு. இரும்பு உருக்கும் உலை முதல் பொன் வேலை வரை, செய்தவர்களிடமே கேட்டறிந்து எழுதினார். கண்டிக் கைவினை பற்றி இன்று எவர் எழுதினாலும் அந்த நூலைத் தொடாமல் எழுத முடிவதில்லை. மறைவதற்கு முன்னர் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே பின்புல அளவு.

பின்னர் அவர் இந்தியாவில் பல ஆண்டுகள் ஓவியங்களையும் சிற்பங்களையும் சேகரித்தார். 1917இல் பொஸ்டன் நூதனசாலையிற் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். பல நூல்கள் எழுதினார், பல மொழிகளின் சமய நூல்களைக் கற்றார். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, அமெரிக்காவின் நீடம் என்ற ஊரில், எழுபதாவது பிறந்தநாள் கழிந்து மூன்று வாரங்களுக்குள் காலமானார். இந்தப் பகுதியைப் பற்றி எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால் நான் விரிக்கவில்லை.

என் மாணவிகளுக்கு நான் எடுத்துக்காட்டுவது அவருடைய புகழையன்று, அவருடைய குறிப்பேட்டுப் பழக்கத்தை. எங்கள் செயற்றிட்டக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. இடம், திகதி, நேரம், ஆழம், முதல் நாள் மழை பெய்ததா இல்லையா, எடுத்தவர் யார் என்பன இல்லாத மாதிரியைக் குப்பையில் போட வேண்டும். எண்ணைக் கண்டுபிடிப்பது கருவி. அந்த எண்ணுக்குப் பொருள் தருவது இந்த ஆறு குறிப்புகள். பல மாணவிகளுக்கு இது அலுப்பாக இருக்கும். மதிப்பெண் கிடைப்பது முடிவுக்குத்தானே என்று நினைப்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கண்டியில் வாகனங்கள் இன்னும் பெருகும், கூரைகள் மாறும், இப்போது பெயர் தெரியாத உலோகங்கள் கைப்பேசிகளிலிருந்தும் மின்கலங்களிலிருந்தும் குப்பைமேட்டுக்கு வரும். ஐம்பது வருடங்கள் கழித்து ஒரு மாணவி மெத எலவின் கரையில் நின்று, இங்கே முன்பு எவ்வளவு இருந்தது என்று கேட்பாள். கங்கபிட்டியவில் உடைத்தெடுத்த கல்லுக்குக் குமாரசுவாமி இடமும் பெயரும் குறித்து வைத்ததால்தான் நூற்றிருபது வருடங்களின் பின்னர் அதை நம்மால் பேச முடிகிறது. அந்த மாணவிக்குக் கிடைக்கப்போகும் பின்புல அளவு, இந்த வருடம் நீங்கள் எழுதும் கொப்பிதான். தெளிவாக எழுதுங்கள்.